சுருக்கம் இருக்கட்டும், வெடிப்பு போகட்டும்

பழைய ஜாகுவார் ஒன்று கதவு திறந்தபடி நின்றால் எல்லோர் கண்ணும் முதலில் போவது வால்நட் மரம் பதித்த டேஷ்போர்டுக்கு. அதை மற்றவர்கள் பார்க்கட்டும். நீங்கள் சற்றுக் குனிந்து ஓட்டுநர் சீட்டின் வலது விளிம்பைப் பாருங்கள். வலப்பக்கம் ஸ்டியரிங் உள்ள வண்டியில், ஏறும்போதும் இறங்கும்போதும் ஓட்டுபவரின் தொடை உரசுவது அந்த ஒரு சாண் இடத்தில்தான். 50 வருடம் ஓடிய காரில் அந்த விளிம்பு புதுக்கருக்கோடு இருந்தால், யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வைத்த கை தேர்ந்த கையா, வெறும் சாயம் பூசிய கையா என்று கண்டுபிடிப்பதில்தான் பழைய லெதர் சீட்டை ரசிப்பதன் சுவாரசியம் இருக்கிறது.

தேய்மானத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. உட்காரும் இடத்தில் குறுக்குவாட்டுச் சுருக்கம் விழும். விளிம்பில் சாயம் போகும். பின்சீட்டில் ஆளே உட்காராவிட்டாலும் அதன் முதுகின் மேல்பகுதி வறண்டு விறைத்திருக்கும். பின்கண்ணாடி வழியாக வருடக்கணக்கில் வெயில் குடித்த இடம் அது. ஓட்டுநர் வைத்துக்கொண்டவரின் கார் என்றால், நம் ஊரில், பின்சீட்டின் இடப்பக்கம் மட்டும் தனியாகப் பள்ளம் விழுந்திருக்கும். முதலாளி உட்கார்ந்த இடம். ஓடோமீட்டரைத் திருப்பிவைக்கிறவர்கள் இதைத் திருப்பிவைக்க மறந்துவிடுவார்கள்.

தோல் என்றாலே பணக்காரத்தனம் என்று நாம் நினைக்கிறோம். மோட்டார் வண்டியின் ஆரம்ப காலத்தில் கதை நேர்மாறாக இருந்தது. லிமோசின்களில் ஓட்டுநர் உட்காரும் முன்பகுதி பெரும்பாலும் திறந்தவெளி. மழையும் சேறும் தாங்க வேண்டும் என்பதற்காக அவருக்குத் தோல் இருக்கை. கண்ணாடிக்குப் பின்னால் சொகுசாக உட்காரும் எஜமானுக்கு உயர்ந்த கம்பளித் துணி. ஜப்பானின் டொயோட்டா செஞ்சுரியில் இந்தப் பழைய நியாயம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்த ஊர்ப் பெரிய மனிதர்கள் பலர், உட்கார்ந்தால் கீச்சிடாத கம்பளி இருக்கையைத்தான் கேட்டு வாங்குகிறார்கள்.

தோலை அந்தஸ்தின் அடையாளமாக்கியதில் லண்டன் கானலி சகோதரர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 1878-ல் தொடங்கிய அவர்களது தொழில் ரோல்ஸ்-ராய்ஸ், பென்ட்லி, ஜாகுவார், ஆஸ்டன் மார்ட்டின், ஃபெராரி என்று பரவியது. பிரிட்டிஷ் நாடாளுமன்ற இருக்கைகளுக்கும் தோல் அங்கிருந்து போனது. 2002-ல் தோல் பதனிடும் வேலை நின்றுவிட்டது. பழைய கார் வைத்திருப்பவர்கள் ‘கானலி’ என்ற பெயரை உச்சரிக்கும்போது குரல் கொஞ்சம் தாழ்வதற்கு இதுவும் ஒரு காரணம். கிழிந்தால் அதே தோல் அதே கையிலிருந்து இனி வராது.

இப்படிப்பட்ட வண்டிகளுக்குத் தோல் பொறுக்குவதே ஒரு கலை. முள்கம்பி வேலி இல்லாத குளிர்ப்பிரதேச மேய்ச்சலில் வளர்ந்த காளைத் தோலுக்குத்தான் மதிப்பு. கம்பி கீறிய வடு, பூச்சி துளைத்த ஓட்டை, கன்று ஈன்ற பசுவின் வயிற்றில் விழும் வரிகள் எல்லாமே பதனிட்ட பிறகும் தெரியும். ஆகவே நல்ல சீட்டில் உற்றுப் பார்த்தால் மயிர்க்கால்களின் நுண்துளைகள் தெரிய வேண்டும். அவை ஓரிடத்தில் நெருக்கமாகவும் இன்னோரிடத்தில் தளர்வாகவும் இருக்கும். எங்கும் ஒரே சீராக இருந்தால் அது உருளையில் அச்சிட்ட கோலம்; ஒருவேளை ரெக்ஸினாகவும் இருக்கலாம். இதில் ஏமாந்தவர்கள் அதிகம். 1970-களின் மெர்சிடிஸ் டபிள்யூ 123 கார்கள் பலவற்றில் இருப்பது எம்பி-டெக்ஸ் என்ற வினைல். அவ்வளவு உழைப்பு உழைக்கும் பொருள் அது. ‘தோல் எப்படிப் புதுசு மாதிரி இருக்கிறது பாருங்கள்’ என்று உரிமையாளரே பெருமைப்படுவார். பழைய ஜாகுவார்களிலோ உடம்பு படும் இடத்தில் மட்டும் தோல்; பக்கவாட்டிலும் சீட்டின் முதுகுப்புறத்திலும் வினைல். இரண்டும் ஒரே நிறத்தில் பிறந்து வெவ்வேறு வேகத்தில் மூப்படைந்திருக்கும். அந்த நிற வித்தியாசம் தெரிந்தால் முகம் சுளிக்காதீர்கள். அது அசல் என்பதற்கான சாட்சி.

இனி வெடிப்புக்கு வருவோம். பழைய தோலின் மேல் ஏற்றிய சாயப்பூச்சு செல்லுலோஸ் அடிப்படையிலானது. தோல் வளையும் அளவுக்கு, வயதான பூச்சு வளைந்துகொடுக்காது. ஆகவே முதலில் வெடிப்பது பூச்சு, தோல் அல்ல. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் எத்தனையோ நல்ல தோல்களைப் பிய்த்துக் குப்பையில் போட்டுவிட்டுப் புதுத்தோல் தைத்திருக்கிறார்கள். வெடிப்பை இரண்டு கட்டை விரலாலும் மெல்ல விரித்துப் பாருங்கள் (உரிமையாளரைக் கேட்டுவிட்டு). உள்ளே வழவழப்பான தோல் தெரிந்தால் பூச்சு மட்டும் போயிருக்கிறது, காப்பாற்றலாம். நார்நாராகப் பிசிறு தெரிந்தால் தோலே அறுந்துவிட்டது. செம்பழுப்புத் தூளாக உதிர்ந்தால் அதற்கு வைத்தியம் இல்லை. மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட மிகப் பழைய தோலை நகரக் காற்றின் கந்தக அமிலம் அரித்த கதை அது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டும் பார்க்கலாம். முத்தாக நின்றால் மேல்பூச்சு உயிரோடு இருக்கிறது. இறங்கிக் கறுத்தால் தோல் அம்மணமாக இருக்கிறது. அல்லது ஆரம்பத்திலிருந்தே பூச்சில்லாத விலையுயர்ந்த ரகம்.

நல்ல கைவினைஞர் ஒருவர் வேலை செய்வதைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். பாதி நேரம் அவர் சுத்தம்தான் செய்துகொண்டிருப்பார். மென்மையான பிரஷும் காரம் குறைந்த நுரையுமாக, தையல் மடிப்புகளில் 30, 40 வருடம் படிந்த வியர்வையையும் தலைமுடி எண்ணெயையும் கிளறி எடுப்பார். துணி கறுத்துக்கொண்டே வரும். கறுப்பது நின்றபோது சில சமயம் மேற்கொண்டு எதுவுமே தேவைப்படாது. சாம்பல் நிறம் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த சீட் இளமஞ்சளாக வெளிப்பட்டிருக்கும். அந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளத் தெரிந்தவரிடம் வண்டியை நம்பி விடலாம்.

நிறுத்த முடியாத நிலை என்றால் பழைய பூச்சைக் கரைப்பானால் துடைத்து, மெல்லிய உப்புத்தாளால் லேசாக வருடி, வெடிப்புகளில் வளைந்துகொடுக்கும் நிரப்புக் களிம்பைத் தடவுவார். காய விட்டு, மறுபடி வருடி, மறுபடி தடவி என்று மெல்லிய படலங்களாகத்தான் அது ஏறும். கிழிசல் இருந்தால் அதன் வழியே உள்ளே ஒரு துணித்துண்டை நுழைத்து ஒட்டி, அதன்மேல் ஓரங்களைச் சேர்ப்பார். பிறகு நிறம். நிறம் சேர்ப்பதில்தான் கண்ணின் தரம் தெரியும். டப்பாவில் எழுதியிருக்கும் எண்ணை நம்பாமல், சீட்டைக் கழற்றி வெளிச்சமே படாத அடி மடிப்பைப் பார்த்துக் கலப்பார். கடைசியில் பளபளப்புக் குறைந்த மேல்பூச்சு. ஒருபோதும் கண்ணாடிப் பளபளப்பு இல்லை. ஷோரூமிலிருந்து வந்த அன்றுகூட அந்தத் தோல் மினுங்கியதில்லை.

முடிந்த வேலையை எப்படி எடைபோடுவது? முதலில் மூக்கை நம்பாதீர்கள். தோல் வாசனை இப்போது டப்பாவில் விற்கிறது. போன் டார்ச்சைத் தோலோடு தோலாகப் படுக்கவைத்து வெளிச்சத்தைக் கிடையாக அடியுங்கள். நிரப்பிய இடத்தில் நுண்துளைகள் மறைந்து பிளாஸ்டிக் திட்டாகத் தெரிந்தால் களிம்பு அதிகம். தையலைப் பாருங்கள். நூல் நூலாகத் தெரிய வேண்டும். தோலின் நிறமே நூலிலும் ஏறி விறைத்திருந்தால் மறைப்புக் கட்டாமல் ஸ்ப்ரே அடித்த அவசர வேலை. வேறு நிறத்தில் பைப்பிங் ஓடும் சீட் என்றால் இரண்டு நிறமும் சந்திக்கும் கோடு கத்தி வெட்டியதுபோல் இருக்கிறதா என்று பாருங்கள். நீளவாட்டில் மடிப்பு மடிப்பாகத் தைத்த சீட்டில், மடிப்பைப் பிரித்துப் பார்த்தால் உள்ளேயும் அதே நிறம் இருக்க வேண்டும். பலர் அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்.

சுருக்கங்கள் அப்படியே இருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஐம்பது வயதுக்காரர் முகத்தில் இருபது வயதுக் கன்னம் ஒட்டியதுபோல, சுருக்கமே இல்லாமல் இழுத்துத் தைத்த சீட் அந்தக் காரில் மற்ற எதோடும் ஒட்டாது. கலிபோர்னியாவின் பெபிள் பீச் போன்ற பெரிய கார் விழாக்களிலேயே, புதுப்பிக்காமல் பேணிய வண்டிகளுக்கு இன்று தனிப் பிரிவு இருக்கிறது. வெடிப்பை மூடு, சுருக்கத்தை விட்டுவிடு என்பதுதான் நியாயமான எல்லை. இரண்டையும் ஒன்றாக எண்ணி நடத்தும் கடைகளில் சீட்டைக் கொடுத்துவிட்டு வருந்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தோலுக்கு உள்ளேயும் விஷயம் இருக்கிறது. பழைய ஜெர்மன் கார்களின் சீட்டுக்குள், சுருள் கம்பிக்கு மேலே, ரப்பர் பால் தெளித்து இறுக்கிய தேங்காய் நார் மெத்தை இருக்கும். காற்று உள்ளே போய்வருவதால் நெடுந்தூரம் போனாலும் முதுகு புழுங்காது. அது பொடிந்துபோன வண்டியில் கீழே தரைவிரிப்பில் பழுப்புத் தூள் சிந்தியிருக்கும். குஷன் கடையில் அதை எடுத்துவிட்டுப் பஞ்சு ஃபோம் அடைத்துத் தருவார்கள். சீட் உப்பலாகத் தெரியும், உட்கார்ந்தால் ஓர் அங்குலம் உயரத்தில் இருப்பீர்கள், தையல் மூட்டுகள் திணறும். மேலே எவ்வளவு நல்ல தோல் வேலை செய்திருந்தாலும் வீண். அதனால் ரசிப்பதற்குப் பார்த்தால் மட்டும் போதாது, உட்காரவும் வேண்டும்.

சொந்தமாக ஒரு பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. செருப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவிய பழக்கத்தில் சீட்டுக்கும் தடவாதீர்கள். பூச்சு இருக்கும் இடத்தில் எண்ணெய் உள்ளே இறங்காது, மேலே நின்று தூசியைப் பிடிக்கும். பூச்சு போன இடத்தில் இறங்கிக் கறையாகும், பின்னால் சாயம் ஒட்டாது. வெயிலில் சுருங்கிய தோலை எந்த எண்ணெயும் திரும்ப விரிக்காது. நிழலில் நிறுத்துவதும், மாதத்துக்கு ஒரு முறை ஈரத்துணியால் துடைப்பதும் போதும். கடற்கரை ஊர்களில் மழைக்காலத்தில் மட்டும், மூடிவைத்த காரின் கண்ணாடியை அவ்வப்போது இறக்கிக் காற்று விடுங்கள். இல்லாவிட்டால் பூஞ்சை வெள்ளையாகப் பூத்துவிடும்.

பார்த்துப் பழக, கோவை அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு பெயரில் உள்ள கார் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே தொட முடியாது, ஆனால் தேய்மானத்தின் ஒழுங்கைக் கண்ணாலேயே பார்க்கலாம். பழைய கார்கள் அணிவகுக்கும் கண்காட்சிகளில் உரிமையாளர்கள் பக்கத்திலேயே நிற்பார்கள். ‘எந்த வருட மாடல், மைலேஜ் எவ்வளவு’ என்று கேட்காதீர்கள். அதற்குப் பதில் சொல்லி அவர்கள் சலித்திருப்பார்கள். சீட்டின் அடிப்பக்கத்து நிறத்தைக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். தன் வேலையில் நம்பிக்கை உள்ளவர் உடனே குஷனைத் தூக்கிக் காட்டுவார்.