'ஸ்டீவ்' என்கிற கையொப்பம்

பத்திரிகைகள் மகளிர் தினத்துக்கென்று ஒதுக்குகிற 'சாதனைப் பெண்கள்' பக்கத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரியான கதை ஸ்டெஃபனி ஷெர்லியுடையது. 1939இல், ஐந்து வயதில், நாஜிகளிடமிருந்து தப்புவிக்கப்பட்ட யூதக் குழந்தைகளோடு ரயிலேறி இங்கிலாந்து வந்து சேர்ந்தவர். தபால்துறை ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தபடியே மாலை வகுப்பில் கணிதப் பட்டம் வாங்கினார். 1962இல் 6 பவுண்டு முதலில், வீட்டிலேயே, 'ஃப்ரீலான்ஸ் புரோகிராமர்ஸ்' என்ற மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கினார். கம்பெனிகளுக்கு எழுதிய கடிதங்களுக்குப் பதிலே வரவில்லை. கணவரின் யோசனைப்படி 'ஸ்டீவ்' என்று கையெழுத்துப் போட்டார். பதில் வந்தது. பிறகு கான்கார்டு விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கு மென்பொருள், 1996இல் பங்குச்சந்தை, ஊழியர்களுக்குக் கொடுத்த பங்குகளால் 70 பேர் மில்லியனர்கள், 'டேம்' பட்டம். 2025 ஆகஸ்டில், 91 வயதில் இறந்தபோதும் அஞ்சலிகள் 'ஸ்டீவ்' கதையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லின.

கதை உண்மை. எனக்கு உறுத்துவது அதை வாசிக்கிற விதம். துணிச்சல், விடாமுயற்சி, சமயோசிதம் என்று எல்லாமே ஒரு தனிமனுஷியின் குணவிசேஷங்களாகச் சுருங்கிவிடுகின்றன. கடிதத்தைப் பெற்றவர்கள் அவர் எழுதிய புரோகிராமைச் சோதித்துப் பார்த்து நிராகரிக்கவில்லை. கடிதத்தின் அடியிலிருந்த பெயரை வாசித்தார்கள், அவ்வளவுதான். கையொப்பம் எழுதியவரின் தன்னிலையை உறுதிசெய்கிறது என்பது பொதுப்புத்தி. இங்கே அது உறுதிசெய்தது வாசித்தவர்களின் மனத்தில் ஏற்கனவே உட்கார்ந்திருந்த ஓர் ஆணை. இந்த ஆண் அங்கே எப்போது வந்து உட்கார்ந்தான்?

ரொம்ப நாளைக்கு முன்னால் இல்லை. மார் ஹிக்ஸ் 2017இல் எழுதிய 'புரோகிராம்டு இன்ஈக்வாலிட்டி' என்ற நூல் பிரிட்டிஷ் அரசு ஆவணங்களைத் தோண்டி எடுத்து இதைச் சொல்கிறது. போரின்போதும் போருக்குப் பிறகும் அங்கே கணிப்பொறியைத் தொட்ட கைகளில் பெரும்பகுதி பெண்களுடையவை. அரசு அலுவலகங்களில் இவர்களை 'இயந்திரப் பிரிவுகள்' என்று தனியே வகுத்திருந்தார்கள். துளை அட்டை, கூட்டல் மெஷின், பின்னர் கணினி என்று எது வந்தாலும் அது தட்டச்சுக்குப் பக்கத்து வேலை, மூளைக்கு வேலையில்லாத வேலை, அதாவது பொம்பளை வேலை. இங்கிலாந்திலிருந்த ஐபிஎம் தன் உற்பத்தியை 'ஆள் மணி' கணக்கில் அளக்காமல் 'பெண்பிள்ளை மணி' கணக்கில் அளந்ததாம். ஏனென்றால் அந்த மணி மலிவு.

இதைவிட நுட்பமான காரியம் ஒன்று நடந்தது. பிரிட்டிஷ் அரசுப் பணியில் சம ஊதியம் 1955இல் அறிவிக்கப்பட்டு 1961க்குள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. சம ஊதியம் என்றால் யாருக்குச் சமம்? அதே வேலையைச் செய்கிற ஆணுக்கு. இயந்திரப் பிரிவுகளிலோ ஒப்பிடுவதற்கு ஆணே கிடையாது. ஆகவே அவை 'விலக்கப்பட்ட பிரிவுகள்' ஆயின. பெண்கள் வாங்கிவந்த குறைந்த கூலியே அந்த வேலையின் நியாயமான விலை என்று தீர்மானமாயிற்று. சமத்துவச் சொல்லாடல் தன் வாசகத்துக்குள்ளேயே ஒரு வெளியைக் கட்டமைத்து, யாருக்குச் சமத்துவம் அதிகம் தேவையோ அவர்களை அங்கே தள்ளி மூடிவிட்டது. சட்டப்படி யாரும் யாருக்கும் அநீதி செய்யவில்லை! வேலையின் மதிப்பை அதைச் செய்கிறவர் யார் என்பதை வைத்துப் போடுகிற தந்திரத்தை, சாதிக்குள் வாழ்கிற நமக்கு யாரும் பாடமெடுக்க வேண்டியதில்லை.

'கேரியர்' என்ற சொல் ஓர் ஏணியை முன்னனுமானிக்கிறது. இயந்திரப் பிரிவுகளுக்கு மேலே ஏணி கிடையாது. திருமணமானால் வேலையை விட வேண்டும் என்ற விதியை உள்நாட்டு அரசுப் பணியில் 1946இல் நீக்கிவிட்டார்கள். எப்படியும் போய்விடுவாள் என்கிற எதிர்பார்ப்பை மட்டும் யாரும் நீக்கவில்லை. 1959இல் அரசின் கணினி மையம் ஒன்றில் புரோகிராம் எழுதிச் சோதித்துவந்த ஒரு பெண்ணிடம், கணினியே தெரியாத புதியவர்கள் இரண்டு பேரைப் பழக்கிவிடச் சொல்கிறார்கள். பழக்கினார். அவர்கள் நிர்வாகப் பதவிகளுக்கு ஏறினார்கள், அவர் அவர்களுக்குக் கீழே உதவியாளரானார். ஹிக்ஸ் தரும் இந்த ஒரு சம்பவம் போதும். கணினி என்பது நிர்வாகத்தின் நரம்பு மண்டலம் என்று அறுபதுகளில் புலப்பட்டதும், அதே வேலை ஆம்பளை வேலையாகப் பெயர் மாறியது. திறமை என்பதே இப்படிப் பெயர் வைப்பதில் உருவாகிற ஒன்றுதான். ஷெர்லியின் கடிதத்தை வாசித்தவர்களின் மனத்தில் இருந்தவன் இந்தப் பெயர்மாற்றத்தில் பிறந்தவன்.

இப்போது அவருடைய நிறுவனத்தைப் பார்ப்போம். முதல் 300 ஊழியர்களில் 297 பேர் பெண்கள். கல்யாணத்துக்கும் குழந்தைக்கும் பிறகு தொழில் வெளியே தள்ளிய புரோகிராமர்களை அவர் வீட்டிலிருந்தே வேலை செய்ய வைத்தார். 1975இல் பால் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் வந்தபோது, பெண்களை மட்டும் எடுப்பதும் குற்றமாகி ஆண்களையும் சேர்க்க வேண்டியதாயிற்று. இந்த நகைமுரணைச் சொல்லிச் சிரிக்காதவர் இல்லை. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறொரு சங்கதி. வாடிக்கையாளர்கள் தொலைபேசியில் பேசும்போது குழந்தை அழுகிற சத்தம் கேட்காமலிருக்க, தட்டச்சு மெஷின்கள் ஓடுகிற ஓசையை ஒலிநாடாவில் பதிந்துவைத்து ஓடவிடுவாராம். இதைச் சமயோசிதம் என்று பாராட்டிவிட்டுப் போகலாம். நான் கொஞ்சம் நின்று கேட்கிறேன். அந்த ஓசையை உண்டாக்கிய தட்டச்சுக்காரிகளும் பெண்கள்தானே? பெண்ணின் வீட்டுழைப்பு அம்பலப்படாமலிருக்க, பெண்ணின் மலிவான அலுவலக உழைப்பைத் திரையாகத் தொங்கவிட வேண்டியிருக்கிறது. முன்னது கேட்டால் அது வீடு, பின்னது கேட்டால் அது கம்பெனி.

ஷெர்லியை இதற்காகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அபத்தம். வேறு யாருமே தராத வேலையை அவர் தந்தார், பங்கும் தந்தார். ஆனால் அவருடைய தீர்வு சுவரை இடிக்கவில்லை, சுவரின் நிழலில் ஒரு கொட்டகை போட்டது. வேலையின் நேரமும் அலுவலகத்தின் ஒழுங்கும் குழந்தையற்ற உடலுக்கென்றே வகுக்கப்பட்டவையாக அப்படியே இருந்தன. உழைப்பு எங்கே சிறைப்பட்டிருக்கிறதோ அங்கேயே வேலையைக் கொண்டுபோகலாம் என்பதை மூலதனம் கற்றுக்கொண்டது. ஷெர்லி 1993இல் ஓய்வுபெற்றுவிட்டார். தொண்ணூறுகளின் கடைசியில் நிறுவனம் இந்திய மென்பொருள் கம்பெனி ஒன்றை வாங்கி, 'எக்ஸான்சா' என்று பெயர் மாறி, நொய்டாவிலும் சென்னையிலும் ஆட்களை வைத்தது. லண்டன் புறநகர்ச் சமையலறையிலிருந்து சோழிங்கநல்லூர்ச் சாலைக்கு ஒரே தர்க்கம்தான் நடந்துவந்திருக்கிறது.

இங்கே 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தி விடுப்பை 26 வாரமாக்கியபோது, விடுப்பு முடிந்தபின் வேலையின் தன்மையைப் பொறுத்து, பேசி ஒத்துக்கொண்டால் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்றும் ஒரு வாசகம் சேர்த்தார்கள். தாய்க்கு மட்டும். தகப்பன் வீட்டிலிருந்து பார்க்க வேண்டியது எதுவும் இருப்பதாகச் சட்டத்துக்குத் தெரியவில்லை.

என் அக்கா மகள் சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் இருக்கிறாள். ஒலிநாடாக் கதையை அவளிடம் சொன்னேன். சிரித்தாள். "டேப்பெல்லாம் எதுக்குச் சித்தி, இப்ப மியூட் பட்டன் இருக்கே. கேமராவையும் ஆஃப் பண்ணிட்டு மடியில போட்டுப் பால் குடுத்துக்கிட்டே பாதி மீட்டிங் முடிச்சுடுவேன். புள்ள அழுதா ஒருத்தருக்கும் கேக்காது" என்றாள். அந்த வருஷ அப்ரைசலில் என்ன எழுதினார்கள் என்று கேட்டேன். வேலையில் குறை ஒன்றும் இல்லையாம். 'விசிபிலிட்டி' போதவில்லையாம்.