தோலோடு நடக்கும் ஊசி

துணியில் தையல் கோணினால் பிரித்து மறுபடி தைக்கலாம். தோலில் அது நடக்காது. ஊசி போட்ட ஓட்டை அப்படியே நிற்கும். அதனால்தான் தோலுக்கு மெஷின் தேர்வதில் இத்தனை கவனம்.

புதுக்கோட்டையில் ஆட்டுத்தோல் பர்ஸ், கைப்பை தைக்க நினைப்பவர் கண்ணில் முதலில் படுவது ஜூக்கி டிடிஎல்-8700 போன்ற பவர் மெஷின். அருமையான மெஷின்தான், ஆனால் துணிக்கானது. அடிப்பல் மட்டுமே இழுப்பதால் கீழ்த்தோல் முன்னே போகும், மேல்தோல் பின்தங்கும். பல்லின் தடமும் பதியும்.

தோலுக்கு ஏற்றது வாக்கிங் ஃபுட் மெஷின். அதன் கைச்சக்கரத்தை மெல்லச் சுற்றிப் பாருங்கள். ஊசி தோலுக்குள் இறங்கி, உள்காலோடும் அடிப்பல்லோடும் சேர்ந்து அதை நகர்த்துகிறது. அப்போது எழுந்து நிற்கும் வெளிக்கால், பிறகு இறங்கித் தோலை அழுத்திப் பிடிக்கிறது. ஊசி மேலேறுகிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத அழகு அது.

பர்ஸுக்குத் தட்டையான மேடை உள்ள ஃபிளாட் பெட் போதும். பையின் ஓரம் வளைத்துத் தைக்க உருளை மேடை உள்ள சிலிண்டர் பெட் வேண்டும். ஆம்பூர் ஷூ தொழிலில் மேல்பாகம் தைக்க, கம்பம் போல உயர்ந்த மேடை உள்ள போஸ்ட் பெட். மெதுவாக ஓட்ட சர்வோ மோட்டார் நல்லது. 100 அல்லது 110 எண் தோல் ஊசி, பாண்டட் நைலான் நூல், 3 முதல் 4 மி.மீ. தையல்: மெல்லிய தோலுக்கு இது பொருந்தும். பெல்ட்டும் சேணமும் தைக்கும் கனத்த மெஷின் வேண்டவே வேண்டாம், மெல்லிய தோலைக் கசக்கிவிடும்.

வாங்கப் போகும்போது உங்கள் தோல் துண்டுகளையே கொண்டு போங்கள். இரண்டு மடிப்பு, நான்கு மடிப்பு வைத்து, உங்கள் கையாலேயே தைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.