களிம்பும் கலைநோக்கும்

வெண்கலப் படிமங்களின் உருவமைதியும் தத்துவமும் நம்மிடையே விரிவாகப் பேசப்பட்டுள்ளன. ஆனந்த குமாரசுவாமியின் நடராசர் பற்றிய விளக்கம் இதற்குத் தலையாய சான்று. எனினும், படிமத்தின் மேற்பரப்பு அத்துணைக் கவனத்தைப் பெறவில்லை. உழைப்பும் வழிபாடும் அழிவும் தம் தடங்களைப் பதித்திருப்பது அம்மேற்பரப்பிலேயே என்பது மனங்கொள்ளத்தக்கது.

பொலநறுவைச் சிவாலயங்களில் 1907-08 இல் எச். சி. பி. பெல் மேற்கொண்ட அகழ்வுகளில் கிடைத்த படிமங்களை நோக்குவோம். இத்தகைய படிமங்களிற் படியும் பசுமையைத் 'தொன்மையின் எழில்' எனப் போற்றுவது அழகியலாளர் வழக்கம். ஆனால் எந்த ஸ்தபதியும் அப்பசுமையை விரும்பிச் செய்தவனல்லன். மெழுகு வார்ப்பு முடிந்து, மண் கருவை உடைத்து, அரத்தால் அராவி, உளியால் திருத்தி, மெருகேற்றியபோது அவன் கண்டது ஒளிரும் செம்மஞ்சள் உலோகத்தையே. ஈரமண்ணிற் புதைந்த பின்னரே செம்பு சிவந்த ஒக்சைட்டாகவும், அதன்மேற் பச்சைக் காபனேற்றாகவும் மாறுகின்றது. எனவே களிம்பு கலைஞனின் ஆக்கமன்று. வழிபாடு அற்றுப்போய்ப் படிமம் மண்ணுட் சென்ற வரலாற்றின் பதிவு அது.

வழிபாடு தொடரும் கோயில்களில் நிலைமை வேறு. அங்கு எண்ணெயும் பாலும் சந்தனமும் தேய்ப்பும் நூற்றாண்டுக் கணக்கில் படிமத்தின் மூக்கையும் விழியையும் அணிகலன்களையும் மழுங்கச் செய்துள்ளன. இதனை வெறும் 'சிதைவு' என ஒதுக்குவது சேகரிப்பாளனின் கண்கொண்டு நோக்குவதாகும். சந்தையில் விலைபோவது கூர்மையான வடிவமும் பசுமையும். பயன்பாட்டின் தேய்மானத்துக்கு அங்கு மதிப்பில்லை. அம்மதிப்பீட்டைக் கலை விமர்சனமும் ஐயமின்றி ஏற்பது பொருந்துமா?

இவ்வாறு கூறுவதால் களிம்பு அனைத்தையும் பேணவேண்டும் என்பது கருத்தன்று. குளோரைட்டு சேர்ந்த இடத்தில் தோன்றும் வெளிர்பச்சைத் தூள், ஈரப்பதன் உள்ளவரை உலோகத்தை அரித்துக்கொண்டேயிருக்கும். 'வெண்கல நோய்' எனப்படும் இதனைத் தடுத்தே ஆகவேண்டும். சென்னை அரும்பொருட்காட்சியகத்தில் 1930களில் கையாளப்பட்ட மின்பகுப்பு முறை இவ்வகையில் பல படிமங்களைக் காத்தது. ஆயினும், களிம்பு முழுவதையும் அகற்றும்போது மண் எழுதிய சான்றும் உடன் அழிகின்றது. காப்புக்கும் சான்றுக்கும் இடையிலான இம்முரண்பாடு வேதியியலால் மட்டும் தீர்க்கப்படக்கூடியதன்று; எவ்வரலாற்றைப் பேணுவது என்ற வினாவும் இதில் அடங்கியுள்ளது.

ஆகவே, படிமத்தின் மேற்பரப்பிற் கைவினைஞன், வழிபடுவோர், மண் என்னும் மூன்று கைகளின் தடங்களையும் பிரித்தறிவது விமர்சகனின் கடமையாகும். அவற்றுள் ஒன்றையே அழகெனக் கொள்வோர் ஏனைய இரண்டையும் வரலாற்றிலிருந்து விலக்குகின்றனர்.