முதல்ல எதைச் சுடலாம்?

சென்னையிலிருந்து திருச்சிக்குக் காரில் போகிற நீங்கள் வாலிகண்டபுரத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள். கடந்திருப்பீர்கள். தொழுதூர் தாண்டினால் ரஞ்சன்குடி கோட்டை. அதைப் பார்த்து 'அட!' என்று சொல்லி முடிப்பதற்குள் வாலிகண்டபுரம் பெயர்ப்பலகை வந்து போய்விடும். அப்புறம் பெரம்பலூரில்தான் காபி.

1751-ல் சந்தா சாகிப் ஒரு பக்கம், முகமது அலி இன்னொரு பக்கம், முன்னவருக்குப் பிரெஞ்சுக்காரர்கள் துணை, பின்னவருக்கு ஆங்கிலேயர்கள் துணை என்று இந்த வட்டாரத்தில் ஒரு சண்டை நடந்திருக்கிறது. ஆங்கிலேயர் தரப்பு அடி வாங்கித் திருச்சிக்குப் பின்வாங்கியது. அது நமக்கு இப்போது வேண்டாம். ஊர்ப் பெயரில் இருக்கிற ஆசாமிதான் வேண்டும். ராமாயணத்து வாலி. இங்கே சிவனை வழிபட்டான் என்பது தலபுராணம். சுவாமி பெயர் வாலீஸ்வரர். மறைந்திருந்து அம்பு விட்டவருக்கு நாடெங்கும் கோயில். அந்த அம்பை நெஞ்சில் வாங்கியவன் பேரில் இங்கே ஓர் ஊரே இருக்கிறது.

அந்தக் கோயில் வாசலில் வைத்துத்தான் என் நண்பன் கேட்டான்: "டேய், முதல்ல எதைச் சுடலாம்?"

பதறாதீர்கள். அவன் பயங்கரவாதி இல்லை, பி.காம். திருச்சியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து காஸ்ட் அக்கவுண்டிங்கில் தூங்கியவன். இப்போது டெக்ஸாஸில் இருக்கிறான். ஐம்பது வயது நெருங்குகிறதாம், ஏதாவது செய்தாக வேண்டுமாம். நம்ம ஊர்க்காரன் என்றால் சபரிமலைக்கு மாலை போடுவான், அல்லது நிலம் வாங்குவான். இவன் ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போகிறான். நமீபியா. பத்து நாள். லைசென்ஸோடு, பில்லோடு, சட்டப்படி.

போனில் விலைப்பட்டியலைக் காட்டினான். சரவணபவன் மெனு கார்டு மாதிரி இருந்தது. இம்பாலா, ஸ்பிரிங்பாக், காட்டுப்பன்றி ஜாதியில் வார்ட்ஹாக், ஜெம்ஸ்பாக், வரிக்குதிரை, திருகு கொம்போடு குடு. இம்பாலா சில நூறு டாலரில் முடிந்துவிடும். நல்ல குடு என்றால் அதைப்போல் பல மடங்கு. சிங்கம், யானைக்குத் தனிப் பக்கம். அதெல்லாம் பத்தாயிரக்கணக்கில். முதல் தடவை போகிறவர்களுக்கு அனுபவஸ்தர்கள் சொல்லும் யோசனை என்னவென்றால், சிங்கத்துக்கு ஆசைப்படாதே, புல்வெளி மான்களில் நாலைந்தைத் தேர்ந்தெடுத்துக்கொள் என்பது.

வணிகவியல் படித்தவன் புத்தி, நான் அடிக்குறிப்புகளைத்தான் முதலில் படித்தேன். தங்குவதற்கும் வழிகாட்டிக்கும் தினக் கட்டணம். சுட்ட ஒவ்வொரு பிராணிக்கும் தனிக் கட்டணம். தலையைப் பாடம் பண்ணி அனுப்ப இன்னொன்று. அப்புறம் ஒரு வரி: காயம்பட்டுத் தப்பி ஓடிய விலங்கும் சுடப்பட்டதாகவே கணக்கில் சேரும். ரத்தம் சிந்தினால் பில் உண்டு.

இது பல இடங்களில் உள்ள விதிதான், ஒருவகையில் நல்ல விதியும்கூட. கண்டபடி சுடாமல் இருக்க இப்படி ஒரு பயம் வேண்டும். ஆனாலும் அந்த வரி எனக்குள் எங்கேயோ மாட்டிக்கொண்டது.

நண்பன் காரிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தான். ஹெமிங்வேயின் 'கிரீன் ஹில்ஸ் ஆஃப் ஆப்பிரிக்கா'. 1935-ல் வந்தது. "இதைப் படிச்சிட்டுதான்டா எனக்கு ஆசை வந்துச்சு. நீயும் படி."

படித்தேன். அவனுக்கு ஆசை வந்த அதே புத்தகத்தில் எனக்கு வந்தது வேறு.

1933 கடைசியில் ஹெமிங்வே கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போகிறார். செலவு மனைவியின் சித்தப்பா உபயம். இருபத்தைந்தாயிரம் டாலர், அந்தக் காலத்து டாலர்! (மாமனார் வீட்டுப் பணத்தில் காடு சுற்றுவது நம்ம ஊர் வழக்கம் மட்டுமில்லை.) கூடவே ஒரு நண்பர். புத்தகத்தில் அவர் பெயர் கார்ல். கற்பனையே கலக்காமல் எழுதினால் அது ஒரு நாவலோடு போட்டி போட முடியுமா என்று பார்க்கத்தான் இதை எழுதுகிறேன் என்று முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார்.

போட்டி போடுகிறதா? முதல் பாதியில் இல்லை. அமெரிக்க எழுத்தாளர்களில் யார் தேறுவார், யார் தேறமாட்டார் என்று காட்டுக்கு நடுவே உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறார். தாராளமாகப் பக்கங்களைத் தள்ளலாம். ஆனால் குடுவைத் தேடிப் போகிற பகுதி வந்ததும் எழுத்து வேறு ஆளுடையதாகிவிடுகிறது. நாளாக ஆக, மழை நெருங்க நெருங்க, ஒரு குடு கிடைக்காமல் அந்த மனிதர் படுகிற பாடு இருக்கிறதே! நமக்கே கை பரபரக்கிறது. கடைசியில் இரண்டு கிடைக்கின்றன. தலைகால் புரியாத சந்தோஷத்தில் முகாமுக்குத் திரும்புகிறார். அங்கே கார்ல் ஏற்கெனவே ஒரு குடுவைச் சுட்டு வைத்திருக்கிறார். அதன் கொம்பு இவருடையதைவிட நீளம்.

அவ்வளவுதான். சந்தோஷம் புஸ்ஸென்று போய்விடுகிறது. பக்கத்து வீட்டுப் பையன் நம் பையனைவிட ரெண்டு மார்க் கூட வாங்கிவிட்டால் நம் வீட்டில் இறங்குகிற அந்த இருட்டு இருக்கிறதே, அதேதான். காண்டாமிருகத்திலும் இப்படித்தான் ஆகியிருந்தது, கார்லுடையது பெரியது. இந்தப் பொறாமையை மறைக்காமல் எழுதினாரே, அங்கே நிற்கிறார் ஹெமிங்வே. விலங்கைத் தேர்ந்தெடுப்பது நாம்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் தேர்ந்தெடுப்பது பக்கத்திலிருக்கிறவனின் டேப். லண்டனில் ரோலண்ட் வார்ட் என்ற பாடம் பண்ணுகிறவர் 1892-லேயே எந்த மிருகத்துக்கு எத்தனை அங்குலக் கொம்பு, சுட்டது யார் என்று பதிவுப் புத்தகம் போட ஆரம்பித்துவிட்டார். அதில் பெயர் வர வேண்டும். கழுதைப்புலிக்கு இந்த மரியாதை கிடையாது. அது சுடப்பட்டுத் துடிப்பது ஹெமிங்வே புத்தகத்தில் சிரிப்புக் காட்சி.

புத்தகத்தின் உயரமான இடம் எதுவென்று கேட்டால், என் கணக்கில் குடு இல்லை. சேபிள் என்கிற கறுப்பு மான் ஒன்றைச் சுடுகிறார். குண்டு படுகிறது, ஆனால் அது ஓடிவிடுகிறது. வெயிலில் ரத்தத் தடத்தைத் தேடித் தேடிப் போகிறார்கள். கிடைக்கவில்லை. இதே புத்தகத்தில்தான் தன் கை முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களை நினைத்துக்கொள்கிறார். குண்டடிபட்டுத் தப்பிய விலங்குக்கு இப்படித்தானே வலித்திருக்கும் என்று தூக்கமில்லாத ஒரு ராத்திரியில் தோன்றியிருக்கிறது. தோன்றியும் அவர் வேட்டையை விடவில்லை. சுத்தமாகச் சாகடிக்க முடிகிறவரைக்கும் சுடுவேன் என்று தனக்குத் தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு மேலே நடக்கிறார்.

எனக்கு வாலிகண்டபுரம் ஞாபகம் வந்தது இந்த இடத்தில்தான்.

அடிபட்ட சேபிள் காட்டுக்குள் போய்விட்டது. அது திரும்பி வந்து ஹெமிங்வேயிடம் எதுவும் கேட்கவில்லை. நம் கம்பன் அப்படி விடவில்லை. வாலி வதைப் படலத்தில் அடிபட்டவனைப் பேச விடுகிறான். கொஞ்ச நஞ்சமில்லை, பாட்டுப் பாட்டாகப் பேச விடுகிறான். நெஞ்சில் பாய்ந்த அம்பைப் பற்றி இழுத்து, அதில் எழுதியிருக்கும் பெயரை வாலி படிக்கிறான். யோசித்துப் பாருங்கள், சுட்டவன் யார் என்று செத்துக்கொண்டிருப்பவன் படித்துத் தெரிந்துகொள்கிறான். ரோலண்ட் வார்ட் புத்தகத்தில் இதற்கு இடமில்லை.

இன்னொரு விஷயம். வால்மீகியில் ராமன் சொல்லும் பதில்களில் வேட்டையும் ஒன்று. அரசர்கள் விலங்குகளை மறைந்திருந்தும் கொல்வதுண்டு, நீ ஒரு குரங்குதானே, அதில் குற்றமில்லை என்கிறான். கம்பனுக்கு இது பிடிக்கவில்லை போலிருக்கிறது. தலைகீழாக்கிவிட்டான். 'நாங்கள் விலங்குகள், உங்கள் விதி எங்களுக்கு எதற்கு?' என்று வாலியைக் கேட்க வைக்கிறான். 'உருவத்தில் என்ன இருக்கிறது? தர்மம் தெரிந்த நீ வெறும் விலங்கில்லை' என்று ராமனைச் சொல்ல வைக்கிறான். அப்புறம் வாலி கேட்கிற கடைசிக் கேள்வி: சரி, அப்படியே இருக்கட்டும், ஆனால் இரக்கமில்லாத வேடர்கள் விலங்கை அடிப்பதுபோல ஏன் ஒளிந்து நின்று அடித்தாய்? வால்மீகியில் சமாதானமாக இருந்த வேட்டை, கம்பனில் குற்றச்சாட்டாகிவிட்டது. அந்தக் கேள்விக்கு ராமன் பதில் சொல்வதில்லை. பக்கத்தில் நிற்கிற லட்சுமணன்தான் சொல்கிறான்.

வாலியைக் கொன்றது சரியா தவறா என்று நாமும் பொங்கலுக்குப் பொங்கல் பட்டிமன்றம் வைக்கிறோம். நடுவர் தீர்ப்பு எதுவாகவும் இருக்கட்டும். கேட்க விட்டானே, அதுதான் கம்பன்.

நம்மிடமும் விலங்குப் பட்டியல் உண்டு, தெரியுமா? ஆப்பிரிக்காவின் 'பிக் ஃபைவ்' என்று சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமையைச் சொல்வார்கள். புறநானூற்றின் 152-வது பாட்டில் வன்பரணர் ஐந்து சொல்கிறார்: யானை, புலி, மான், பன்றி, உடும்பு. பெரம்பலூருக்கு மேற்கே இருக்கிற கொல்லிமலையின் வல்வில் ஓரி விட்ட ஒரே அம்பு ஐந்தையும் துளைத்ததாம். அளப்புதான், சந்தேகமே இல்லை. வேட்டைக்காரர்களின் அளப்புக்கு வயசு இரண்டாயிரம் வருஷம். ஆனால் அதே பாட்டில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. யாரென்று தெரியாமல் பாணர்கள் அவன் எதிரிலேயே அவன் பெயரைப் பாடுகிறார்கள். தன் பெயரைக் கேட்டு ஓரி வெட்கப்படுகிறான். வெட்கப்பட்டுவிட்டு அடித்த மானின் இறைச்சியைப் பாடினவர்களுக்குக் கொடுக்கிறான். கொம்பை அளக்கவில்லை.

வள்ளுவரும் இருக்கிறார், 772-வது குறள். அது போரைப் பற்றியது என்றாலும் உதாரணம் வேட்டையிலிருந்து வருகிறது. முயலைத் தைத்த அம்பைவிட யானையைத் தவறவிட்ட வேல் மேல் என்கிறார். நமீபியா ஆலோசகர்கள் சொல்வதற்கு நேர் எதிர்! வள்ளுவர் அளப்பது அங்குலத்தை இல்லை. யானைக்கு முன்னால் எவ்வளவு கிட்டத்தில் போய் நின்றாய் என்பதை. 200 மீட்டர் தூரத்தில் டெலஸ்கோப் வைத்த துப்பாக்கிக்கு அவரிடம் என்ன மார்க் கிடைக்கும் என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

'எல்லாம் சரி சார், வேட்டைப் பணத்தில்தான் ஆப்பிரிக்காவில் காடே பிழைக்கிறது' என்று ஒருவர் கடிதம் போடுவார். நியாயமான கடிதம். 1977-ல் வேட்டையைத் தடை செய்த கென்யாவில் அதற்குப் பிறகும் விலங்குகள் பெருமளவு குறைந்தன. அழிந்தே போயிருக்க வேண்டிய தெற்கத்திய வெள்ளைக் காண்டாமிருகம், வேட்டையை அனுமதித்த தென்னாப்பிரிக்காவில் ஆயிரக்கணக்கில் பெருகியது. நமீபியாவில் கிராமத்து ஜனங்களுக்குக் கறியும் காசும் போய்ச் சேர்கிறது. இதையெல்லாம் மறுத்தால் நான் கணக்கே படிக்கவில்லை என்று அர்த்தம்.

ஆனால் கணக்கை முழுசாகப் போட வேண்டும். வாலிகண்டபுரத்திலிருந்து அதிக தூரமில்லாத எறையூரில் நரிக்குறவர்கள் இருக்கிறார்கள். ஜாதிப் பெயரிலேயே ஒரு விலங்கைச் சுமக்கிற ஜனம். காடை, கௌதாரி, முயல் என்று வயிற்றுக்கு அடித்தவர்கள். அவர்கள் முன்னால் யாரும் மெனு கார்டு நீட்டவில்லை. எது மாட்டுகிறதோ அதுதான் தேர்வு. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அந்த வாழ்க்கை குற்றமாகிவிட்டது. சட்டம் தேவைதான், சந்தேகமில்லை. பழங்குடி என்ற அங்கீகாரம் அவர்களுக்குக் கிடைக்க 2023 ஆகவேண்டியிருந்தது. பசிக்கு அடித்தால் கேஸ். ஃபோட்டோவுக்கு அடித்தால், அது வேறு தேசம், ரசீது. இந்த இரண்டு பக்கத்தையும் ஒரே பேரேட்டில் எழுதிப் பார்த்தால் டாலி ஆகவில்லை.

இதையெல்லாம் நண்பனுக்கு மெயிலாக எழுதினேன். 'நல்லா எழுதறடா' என்று ஒரு வரியில் பதில் போட்டுவிட்டுப் போய்விட்டான்.

திரும்பி வந்ததும் படம் அனுப்பினான். குடு கிடைக்கவில்லையாம். ஓர் இம்பாலாவின் பின்னால் மண்டியிட்டுச் சிரிக்கிறான். அதன் தலையைக் கழுத்து ஒடியாமல் யாரோ அழகாக நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள். பின்னாலேயே பில்லையும் அனுப்பியிருந்தான். நான் கேட்கவில்லை, அவனாகத்தான் அனுப்பினான்.

பில்லில் இரண்டு இம்பாலா. படத்தில் ஒன்றுதான்.

ராத்திரி அவனே போன் பண்ணினான். பணத்தைப் பற்றிப் பேசவில்லை. "சாயங்காலம் வரைக்கும் தேடினோம்டா. ரத்தம் ஒரு புதர்கிட்ட நின்னுடுச்சு" என்றான். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. அப்புறம் அவனே சிரிக்கிற மாதிரி கேட்டான். "அந்த ரெண்டாவதை எதுலடா எழுதறது? நார்மல் லாஸா, அப்நார்மல் லாஸா?"

காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில் நானும் அவனோடு சேர்ந்து தூங்கியவன்தானே! பதில் சொல்லத் தெரியவில்லை.