உப்பில்லாத ஓர் இரவு

எங்கள் வீட்டில் உப்பு சரியா என்று சொல்லும் அதிகாரம் பாட்டாவுக்கு மட்டும்தான். முதல் உருண்டையை வாயில் வைத்துவிட்டு "உப்பு கூடிட்டு" என்பார், இல்லையென்றால் "உப்பு பத்தாது" என்பார். ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தால் கறி நன்றாக இருக்கிறது என்று பொருள். ஆச்சி வாழ்நாளெல்லாம் அந்தப் பேச்சில்லாமைக்காகத்தான் அடுப்படியில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

ஔவையார் நோன்பை நினைத்தால் எனக்கு அந்த உப்புதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. அந்த ஒரு ராத்திரி மட்டும் கொழுக்கட்டையில் உப்பு கிடையாது. உப்பு பார்க்கிற ஆளும் அங்கே கிடையாது.

தென்மாவட்டங்கள் முழுக்க உள்ள நோன்பு இது. செவ்வாய்ப் பிள்ளையார் நோன்பு என்றும் சொல்வார்கள். தப்பினால் தை, மறந்தால் மாசி, அசந்தால் ஆடி என்று மூன்று மாதம் வைத்து, அவற்றின் செவ்வாய்க்கிழமை ராத்திரிகளில் பெண்கள் மட்டும் கூடிச் செய்வது. பூதப்பாண்டியைத் தலைமையிடமாகக் கொண்ட தோவாளை வட்டத்தில் இதற்கு இன்னும் ஒரு தனி அழுத்தம் உண்டு. இங்கே ஔவையார் பாடப்புத்தகத்துக் கிழவி மட்டும் அல்ல, அம்மன். தாழக்குடிப் பக்கத்திலும் முப்பந்தலிலும் அவளுக்குக் கோயில் இருக்கிறது. ஆடிச் செவ்வாயில் பெண்கள் பானையும் மாவுமாகப் போய், கூழும் கொழுக்கட்டையும் செய்து படைத்து, அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டு வருகிறார்கள்.

வீட்டில் நடப்பது அதைவிட அடக்கமானது. ஆண்கள் சாப்பிட்டுப் படுத்த பிறகு நாலைந்து வீட்டுப் பெண்கள் ஒரு வீட்டில் சேருவார்கள். கைக்குழந்தையே ஆனாலும் ஆண்பிள்ளைக்கு இடமில்லை. ஊறவைத்த பச்சரிசியை இடித்துச் சலித்து, தேங்காய்ப்பூ சேர்த்து, வெந்நீர் விட்டுப் பிசைந்து, கையாலேயே பிடித்து ஆவியில் அவிப்பார்கள். அரிசிமாவிலேயே விளக்கு செய்து திரி போடுவார்கள். மூத்தவள் ஒருத்தி நோன்புக் கதை சொல்ல, மற்றவர்கள் 'உம்' கொட்டிக் கேட்பார்கள். அம்மை பிடித்த கொழுக்கட்டையில் அவள் நாலு விரலும் பதிந்திருக்கும். என் கையில் அதை வைத்து, "தின்னு மக்கா, விடியதுக்குள்ள தீரணும்" என்பாள். தீராமல் போனால் ஆணின் கண்ணில் படாமல் தண்ணீரில் கரைத்துவிடுவார்கள்.

உப்பு ஏன் இல்லை என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். சமைப்பவளை எடைபோடப் பயன்படும் பொருளையே அன்று பானையிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். கூடியது, குறைந்தது என்று யாரும் சொல்ல வழியில்லை.

இப்போது சிலர் இந்தக் கொழுக்கட்டையை மருந்து என்றே பேசுகிறார்கள். எண்ணெய் இல்லை, சர்க்கரை இல்லை, ஆவியில் வெந்தது என்பதெல்லாம் உண்மை. ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே உப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் உண்மை. ஆனால் வருஷத்தில் சில ராத்திரி உப்பை விட்டுவிட்டு, மற்ற நாளெல்லாம் ஊறுகாயும் கருவாடும் அப்பளமுமாகச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் இறங்காது. அரிசியும் தேங்காயும் வயிற்றை நிறைக்கும், ரத்தம் ஊறவைக்காது. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. அதற்கான சாப்பாடு எங்கள் நாஞ்சில் நாட்டு அடுக்களைக்குத் தெரியாததல்ல. முருங்கைக்கீரையும் சிறுபயறும் மீனும் இங்கே பழகிய உணவுதான். வயசுக்கு வந்த பிள்ளைக்குக் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்து உளுந்தங்களி கிண்டிக் கொடுத்த கைகள்தான் இவை. அந்தக் கவனிப்பு பெண்ணுக்குச் சில நாளோடு நின்றுவிடுகிறது என்பதுதான் குறை.

இந்த நோன்பின் உண்மையான பலம் வேறிடத்தில் இருக்கிறது. பெண்கள் தங்களுக்கென்று சமைத்து, சூடாக, உட்கார்ந்து சாப்பிடுகிற சாப்பாடு இது. என் அம்மை மற்ற நாளில் சூடாகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. எல்லாரும் எழுந்த பிறகு, அவியல் சட்டியிலேயே சோற்றைப் போட்டுப் பிசைந்து தின்பாள். 2019-ல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது 299 நிமிஷம். ஆண்களுக்கு அது 97. இத்தனை வேலைக்குப் பிறகு, சாமியின் பெயரைச் சொல்லித்தான் ஒரு பெண் தனக்கென ஒரு ராத்திரியை எடுத்துக்கொள்ள முடிகிறது. சாமி காரியம் என்பதால் யாரும் தடுப்பதில்லை. பக்தி அவளுக்குக் கொடுத்த பெரிய கொடை அது.

உணவை வைத்துப் பெண்ணுக்கு விதி எழுதுவது இந்த மண்ணுக்குப் பழைய பழக்கம். பூதப்பாண்டி என்ற ஊர்ப் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியனின் தேவி பெருங்கோப்பெண்டு, புறநானூற்றின் 246-ஆம் பாட்டில், கைம்பெண்ணுக்கு விதித்த உணவை வரிசையாகச் சொல்கிறாள்: நெய் படாத பிழிந்த சோறு, எள் துவையல், புளி விட்டு வேகவைத்த வேளைக்கீரை. அப்படித் தின்று பரல்கல்லில் படுப்பதைவிடத் தீயே மேல் என்கிறாள். அந்த விதியோடு வைத்துப் பார்த்தால் நோன்புக் கொழுக்கட்டை எவ்வளவோ மேல். உப்பை விடுவது இங்கே தண்டனையாக இல்லை, கூடிச் சேர்ந்து எடுத்த முடிவாக இருக்கிறது.

ஆனாலும் வேண்டுதலைக் கேளுங்கள். கல்யாணம் ஆகவேண்டும், பிள்ளை பிறக்கவேண்டும், புருஷன் நன்றாக இருக்கவேண்டும். எங்கள் வீட்டில் யாரும் தன் முட்டுவலி தீரவேண்டும் என்று கும்பிட்டதாக நான் கேட்டதில்லை. இதிலும் கொடியது ஒன்று உண்டு. பிள்ளை வேண்டி நோன்பிருந்த ஒருத்திக்கு வருஷங்கள் போயும் பிள்ளை இல்லை. "நோன்புல எதோ தப்பு வந்திருக்கும்" என்று, அதே கொழுக்கட்டையைச் சேர்ந்து தின்றவர்களே பேசினார்கள். அடுத்த ஆடிக்கு அவள் வரவில்லை. கூப்பிடவும் யாரும் போகவில்லை. ஆறுதலுக்காக வந்த இடம் அவளுக்கு விசாரணைக் கூடமாகிவிட்டது. நோன்பின் மேல் எனக்குள்ள பெரிய குற்றச்சாட்டு இதுதான்.

ஆண்பிள்ளை பார்க்கக்கூடாது என்ற விதியிலும் எனக்கு இரண்டு மனம். பெண்களுக்கென்று ஓர் இடம் வேண்டும், அதை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஆனால் மாவு எப்படி ஆகிறது என்றே தெரியாமல் பையன்கள் வளர்வதற்கு இதையும் ஒரு சாக்காக்கிவிட்டோம். ரம்ஜான் மாதத்தில் பள்ளிவாசல்களில் பெரிய அண்டாவில் நோன்புக்கஞ்சி காய்ச்சுவது பெரும்பாலும் ஆண்கள்தான். பக்தியோடு ஆண் கரண்டி பிடிப்பது நம்மூருக்குப் புதிதல்ல. ஆடிச் செவ்வாய் அன்றாவது ராத்திரிச் சோற்றை வீட்டு ஆண்கள் வடிக்கலாம். ஊருக்கெல்லாம் பொங்கிப் போட்டுவிட்டு, ஓய்ந்த உடம்போடு நோன்புக்கு வருவதை என்னால் புண்ணியம் என்று சொல்ல முடியவில்லை.

நோன்பை விடவேண்டாம். கதையும் இருட்டும் மாவிளக்கும் அப்படியே இருக்கட்டும். அடுத்த ஆடிக்கு மாவு இடிக்கப்போகும் வீடுகளிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: பிள்ளை இல்லாதவளை முதல் ஆளாகப் போய்க் கூப்பிடுங்கள். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளையும் பால் கொடுப்பவளையும் பாதி ராத்திரி வரை வெறும் வயிற்றில் உட்காரவைக்காதீர்கள். பயறும் கீரையும் வைத்து மாலையிலேயே அவர்களுக்குச் சோறு போட்டுவிட்டு, அப்புறம் அடுப்பைப் பற்றவையுங்கள்.