ஊசோன் பாலந்தை கதையும் நிலைபேறு பற்றிய வினாவும்

ஈழத்துத் தமிழ் நாவலின் தோற்றம் பற்றி எழுதுவோர் மூன்று நூல்களைத் தவறாது குறிப்பிடுவர். சித்திலெப்பையின் அசன்பேயுடைய கதை (1885), இன்னாசித்தம்பியின் ஊசோன் பாலந்தை கதை (1891), சரவணமுத்துப்பிள்ளையின் மோகனாங்கி (1895) என்பன அவை. பின்னைய இருவரும் திருகோணமலையைச் சேர்ந்தவர்கள். எனினும் மோகனாங்கி பெற்ற கவனத்தை ஊசோன் பாலந்தை கதை பெறவில்லை. மத்தியகால ஐரோப்பிய வீரகதையின் தழுவல், அற்புத நிகழ்ச்சிகள் மலிந்தது, யதார்த்தத்துக்குப் புறம்பானது என்று முற்போக்கு அணியினராகிய நாமும் அதனை எளிதில் ஒதுக்கிவிட்டோம். இவை உண்மையே. ஆயினும், நூலொன்றின் வகையை அறுதியிட்டதும் திறனாய்வின் பணி முடிந்துவிடுவதில்லை. துறைமுகப் பட்டினமொன்றின் கிறித்தவத் தமிழருக்கு இக்கதை எதனை உணர்த்தியிருத்தல் கூடும் என்பதும் ஆராயத்தக்கது.

1795 இல் ஆங்கிலேயர் கைப்பற்றிய திருகோணமலை, 1957 வரை அவர்தம் கடற்படைத் தளமாக விளங்கியது. நூல் வெளிவந்து ஈராண்டின் பின், 1893 இல், அது தனி மறைமாவட்டமாயிற்று. அதாவது, அரசும் திருச்சபையும் தத்தம் நிறுவனங்களை உறுதிப்படுத்திக்கொண்ட காலம் அது. அக்காலத்தில் தமிழுக்கு வந்த இக்கதையின் ஐரோப்பிய மூலத்திலே கொடியவனாக வருபவர் ஒரு மேற்றிராணியார் என்பது கூர்ந்து நோக்கத்தக்கது.

கொன்ஸ்தாந்திநோப்பிள் பேரரசி தம் இச்சைக்கு இணங்காமையால் அவர் அவள்மீது பழி சுமத்துகிறார். நாடுகடத்தப்பட்ட பேரரசி காட்டில் இரட்டையரை ஈன்றெடுக்கிறாள். ஒருவனைக் கரடி வளர்க்கிறது. மற்றவன் அரண்மனையில் வளர்கிறான். மேற்றிராணியாரின் வஞ்சகத்தை அம்பலப்படுத்துபவன் அரசனுமல்லன், குருவுமல்லன், ஒரு வணிகன். இறுதியிலே, அரண்மனையில் வளர்ந்தவன் ஆளறியாது தன் தந்தையையே கொன்றுவிடுகிறான். அதற்குக் கழுவாயாகத் தன் மாளிகைப் படிக்கட்டின் கீழேயே, மனைவியும் அறியாவண்ணம், எச்சிற் சோறுண்டு ஏழாண்டு கிடந்து மடிகிறான். காட்டில் வளர்ந்தவனோ துறவியாகிக் காட்டுக்கே மீள்கிறான்.

முடியும் நிலைப்பதில்லை, குருப்பட்டமும் நிலைப்பதில்லை என்று இக்கதை துணிந்து கூறுகிறது. உடையையும் பதவியையும் விசுவாசத்தினின்றும் பிரித்தறியும் தெளிவு இதிலுண்டு. சமயம் சார்ந்தது என்பதற்காக இத்தெளிவை நாம் புறக்கணித்தல் வரட்டுவாதமாகும்.

ஆனால், கதையின் எல்லையும் இங்கேயே உள்ளது. படிக்கட்டின் கீழ்க் கிடந்த அரசகுமாரன் தன் பாவத்தைக் கழுவிக்கொள்கிறான். படிக்கட்டோ அப்படியே இருக்கிறது. வேறெவரெவர் எச்சிற் சோற்றை நம்பி அங்கே கிடந்தனர் என்று அவன் வினவவில்லை. அழியாததை நாடுதல் என்பது அழியும் உடலையும், அதன் பசியையும், அதனை வருத்தும் அமைப்பையும் மறத்தலாகிவிடுமாயின், அவ்விசுவாசம் ஒருபக்கம் சாய்ந்ததேயாம்.

துறவன்றி வேறு வழியும் கிறித்தவத்துக்கு உண்டென்பதற்குக் கிழக்கிலேயே சான்றுண்டு. அமெரிக்காவிற் பிறந்த இயேசு சபைத் துறவி யூஜின் ஹேபியர் அடிகளார், திருகோணமலைப் புனித சூசையப்பர் கல்லூரியிலும் மட்டக்களப்பிலும் பணியாற்றியவர். போர் மூண்டபோது மக்களை விட்டகலாது நின்ற அவர், 1990 ஆகஸ்ட் 15 இல், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியிற் காணாமற்போனார். அவருக்குக் கல்லறையில்லை. எனினும், அவரை நினைவுகூர்வோர் பலர் உளர். கிறித்தவர் இதனை நித்தியம் என்பர். நாம் இதனை மக்களின் வரலாற்று நினைவு என்போம். சொற்கள் வேறாயினும், அவர் நின்ற இடம் பற்றி இரு சாராருக்குமிடையே கருத்து வேறுபாடிருக்க நியாயமில்லை.

இன்னாசித்தம்பியின் நூலை மீளப் படித்தல், முதல் நாவல் எதுவென்ற பட்டியல் விவாதத்துக்காக மட்டுமன்று. எது நிலைக்கும் என்ற வினாவைத் திருகோணமலை அன்றே தமிழில் எதிர்கொண்டது. காட்டுக்குச் செல்லாமல், துறைமுகத்திலேயே நின்று அதற்கு விடை காண்பதுதான் விசுவாசிக்கும் முற்போக்காளனுக்கும் பொதுவாக எஞ்சியுள்ள பணியாகும்.