ஜீவனாம்சமும் பாத்தியதையும்

வெளிநாட்டில் உழைத்துப் பொருள் அனுப்பிய கணவனுக்கும், ஊரிலிருந்து வீட்டையும் மக்களையும் பேணிவந்த மனைவிக்கும் இடையே எழுந்த ஒரு சொத்து வழக்கில், இல்லப்பணியும் அச்சொத்தைச் சம்பாதித்ததில் ஒரு பகுதியே என்று கொண்டு, சில சொத்துக்களில் மனைவிக்குச் சரிபாதி உரிமை உண்டெனச் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி 2023 ஜூன் மாதத்தில் தீர்ப்பளித்தார். அன்று முதலாக, மனைவியின் பொருளுரிமை நம் நியாயஸ்தலங்களில் நிலைபெற்றுவிட்டது என்று மகிழ்ந்து எழுதுவது வழக்கமாகிவிட்டது. அத்தீர்ப்பை நானும் போற்றுகிறேன். ஆயினும் அது விவாகரத்து வழக்கில் பிறந்த தீர்ப்பன்று; கணவன் தொடுத்து, அவன் காலமான பின் அவனுடைய மக்கள் தொடர்ந்து நடத்திய உரிமையியல் வழக்கில் பிறந்தது. மணமுறிவு கோரிக் குடும்ப நீதிமன்றத்தின் படியேறும் பெண்ணுக்கு அங்கே காத்திருக்கும் சட்டம் வேறு.

குடும்ப நீதிமன்றங்களால் விளைந்த நன்மைகளை நான் மறுக்கவில்லை. 1984-ஆம் ஆண்டுச் சட்டம், குடும்ப விவகாரங்களை ஏனைய வழக்குகளின் நெரிசலிலிருந்து பிரித்தெடுத்தது. கணவன் மனைவி இருவரும் தத்தம் வருமானத்தையும் சொத்தையும் கடனையும் பிரமாணப் பத்திரத்தில் வெளியிட வேண்டும் என்றும், மனுச் செய்த நாளிலிருந்தே ஜீவனாம்சம் கணக்கிடப்பட வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 2020-இல் விதித்தது. குழந்தை யாரிடம் வளர்வது என்ற வினாவிலும், தந்தையின் உரிமையைக் காட்டிலும் குழந்தையின் நலமே பெரிது என்ற கொள்கை வேரூன்றியிருக்கிறது. இவை யாவும் நல்லவையே.

என் ஆட்சேபம் ஒன்றே, அது நெடுநாளையது. மணவாழ்வின் போது ஈட்டிய சொத்தை மணமுறிவின் போது பங்கிட்டுக் கொடுக்கும் அதிகாரம் நம் நீதிமன்றத்துக்கு இல்லை. 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, திருமணத்தின் போதோ அதை ஒட்டியோ அளிக்கப்பட்டு இருவருக்கும் கூட்டாக உரியதாயிருக்கும் பொருளைப் பற்றி மட்டுமே பேசுகிறது. சீராக வந்த கட்டிலும் பாத்திரமும் அதில் அடங்கலாம். இருபது ஆண்டுகள் இருவரும் சிக்கனம் பிடித்துக் கட்டிய வீடு அடங்காது. தம்பதியரின் சொத்துத் தகராறை விசாரிக்கக் குடும்ப நீதிமன்றத்துக்கு உரிமை இருப்பது மெய். ஆனால் அங்கே கேட்கப்படும் கேள்வி கிரயப்பத்திரம் யார் பெயரில் இருக்கிறது, பணம் யார் கொடுத்தது என்பதேயன்றி, அந்தப் பணம் மிச்சமாவதற்கு யாருடைய உழைப்பு காரணமாயிற்று என்பதன்று. மனையை வாங்க முன்பணம் வேண்டுமென்று கழுத்திலிருந்த நகையைக் கழற்றிக் கொடுத்தவள், அதை எந்தக் கடையில் அடகு வைத்தோம், ரசீது எங்கே என்று வாய்தாதோறும் பதில் சொல்ல நேரிடுகிறது. அவ்வீட்டில் அவள் சமைத்ததற்கும், நோயுற்ற மாமியாரைப் பார்த்துக்கொண்டதற்கும், தன் வேலையை விட்டுக் குழந்தையை வளர்த்ததற்கும் ரசீது கிடையாது.

ஜீவனாம்சம் இக்குறையை ஈடு செய்துவிடுகிறது என்பதும், தொகையை நிர்ணயிக்கும் போது நீதிபதி கணவனின் சொத்தையும் கருதுகிறார் என்பதும் பலர் கூறும் சமாதானம். கருதுகிறார் என்பது உண்மையே. ஆனால் கருதுவது நீதிபதியின் விருப்பத்தைப் பொறுத்தது, பங்கோ பாத்தியதை. கணவனின் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயமான ஜீவனாம்சமென்று 2017-இல் உச்ச நீதிமன்றமே ஒரு வழக்கில் கூறியதும், வழக்கறிஞர் பலர் அதையே அளவுகோலாகக் கொண்டு வாதாடத் தொடங்கினர். எண்ணப்பட்டது மாதச் சம்பளமே, சேர்த்து வைத்த செல்வமன்று. இந்துத் திருமணச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு இதனினும் கடுமையானது. ஜீவனாம்சம் பெறுபவள் மறுமணம் செய்துகொண்டாலோ, கற்பு நெறி தவறினாள் என்று நிறுவப்பட்டாலோ, அத்தொகையைக் குறைக்கவும் ரத்துச் செய்யவும் நீதிமன்றத்துக்கு அப்பிரிவு இடமளிக்கிறது. உழைத்துச் சேர்த்த வீட்டில் தனக்குள்ள பாதியை, பின்னாளில் எவரை மணந்தாலும் ஓர் ஆண்மகன் இழப்பதில்லை. பெண்ணுக்கு மட்டும் இருபது ஆண்டு உழைப்பின் பயன் அவளுடைய ஒழுக்கத்தைப் பற்றிய விசாரணையில் தொங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்பது எந்தத் தர்மத்தைச் சேர்ந்தது? அம்சம் என்றால் பங்கு என்றே பொருள். ஜீவனாம்சம் என்ற சொல்லில் இருக்கும் பங்கு சட்டத்தில் இல்லாமற் போயிற்று.

குழந்தையின் நலம் பேசும் நீதிமன்றம், தாயின் சொத்துரிமையோடு அந்நலத்துக்குள்ள சம்பந்தத்தை ஆராய்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை. குழந்தை தாயிடமே வளரட்டும் என்று உத்தரவிடுகிறவர்கள், அவள் குழந்தையுடன் எந்த வீட்டில் வாழ்வாள் என்பதைத் தீர்மானிப்பதில்லை. பிறந்த வீட்டின் பின்கட்டிலோ ஒற்றை அறை வாடகை வீட்டிலோ அவள் குடியேறுகிறாள். பள்ளியும் தெருவும் தோழர்களும் தந்தையின் வீட்டருகே நின்றுவிடுகின்றன. வசதியைக் காரணங்காட்டிக் குழந்தையைத் தந்தை திரும்பக் கேட்கும் போது, அவ்வசதியில் பாதி தன்னுடையது என்று சொல்ல அவளுக்குச் சட்டத்தின் துணை இல்லை.

மணவாழ்வில் ஈட்டிய சொத்தில் மனைவிக்குப் பங்கு என்பது நடைமுறைக்கு ஒவ்வாத லட்சியமன்று. போர்த்துகீசியரின் 1867-ஆம் ஆண்டு உரிமையியல் சட்டத்தின் வழியில், மணத்தின் போது வேறு உடன்படிக்கை செய்துகொள்ளாத தம்பதியரின் சொத்தை இருவருக்கும் பொதுவாகக் கருதும் முறை கோவாவில் இன்றும் நிலவுகிறது. கணவனின் அசையாச் சொத்தில் மனைவிக்குப் பங்களிக்கும் விதியடங்கிய மசோதாவை மாநிலங்களவை 2013-இல் நிறைவேற்றியது. மக்களவையில் நிறைவேறாமலே அது காலாவதியாயிற்று.

விவாகமும் விவாகரத்தும் நம் அரசியலமைப்பில் பொதுப்பட்டியலைச் சேர்ந்தவை. மாநிலச் சட்டமன்றமும் அவற்றில் சட்டம் இயற்றலாம். 1955-இல் நாடாளுமன்றம் இந்துக்களுக்கு விவாகரத்துரிமை வழங்குவதற்கு முன்பே, சென்னை மாகாணம் 1949-இல் அதை வழங்கிற்று. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு தரும் திருத்தத்தை நாடாளுமன்றம் 2005-இல் செய்தது. தமிழ்நாடு அதை 1989-இலேயே செய்துவிட்டது. பிறந்த வீட்டில் மகளுக்குப் பங்கு தந்த அந்தச் சட்டமன்றமே, அவள் புகுந்து உழைத்த வீட்டிலும் பங்கு தரும் மசோதாவைக் கொண்டுவர வேண்டும் என்று அதன் உறுப்பினர்களை வேண்டிக்கொள்கிறேன்.